நாற்பத்தேழாம் அடிக்குறிப்பு

இல்ல மேடம், உங்க கம்ப்யூட்டர் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. அது பாவம், உள்ள போட்டதைத்தானே வெளிய காட்டும். நான் சொல்றது இறையியல் கல்லூரி நூலகங்களைப் பத்தி. பொதுவா. உங்களை இல்ல. எங்க போனாலும் பிரசங்கத் தொகுப்பு மட்டும் அலமாரி அலமாரியா இருக்கு. அம்பது வருஷத்துக்கு முந்தி ஒருத்தர் யாரோ கல்யாணத்துல பேசினது... பேசினவரே மறந்திருப்பார், கல்யாணம் பண்ணிக்கிட்டவங்களும் மறந்திருப்பாங்க... அதுக்கு மூணு பிரதி, தோல் அட்டை போட்டு. ஆராய்ச்சி இதழ் கேட்டா மட்டும் ‘சில தொகுதிகள் இல்லை’. அந்தச் சிலதுலதான் எப்பவும் நமக்கு வேண்டியது இருக்கும்.

இன்னொரு தடவை தட்டிப் பாருங்களேன். என் பேர்ல வேணாம், தலைப்புல தேடுங்க. ‘ஓடிப்போன வாலிபன்’. வரலையா? சரி, ‘வாலிபன்’ மட்டும் போடுங்க. ... வாலிபர் சங்க ஆண்டறிக்கை, இருபத்தாறு தொகுதி. நல்லா இருக்கு.

நான் ஒண்ணும் சும்மா பொழுது போக்க வந்து உக்காரல. பதினோரு மணிக்கு மாடியில வைவா, அதான் வாய்மொழித் தேர்வு, இருக்குல்ல, அதுக்கு வெளியிலேருந்து வந்திருக்கிற தேர்வாளர் நான்தான். ஏழரை மணிக்கே வந்துட்டேன். முன்னறையில உக்காரச் சொன்னாங்க. அந்த சோபாவுல உக்காந்தா முழங்கால் மோவாயில இடிக்குது. எதிர்ல பதினாலு பழைய முதல்வர்கள் படம். பதினாலு பேருக்கும் ஒரே தாடி. யாரோ ஒருத்தர் தாடியை அடுத்தவருக்குக் கழட்டிக் குடுத்துட்டுப் போன மாதிரி. அவங்க பார்வை தாங்காமத்தான் இங்க எழுந்து வந்தேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க, நான் பாட்டுக்குப் பேசிட்டிருக்கேன்.

உங்களுக்கு அந்தக் கதை தெரியும்ல? ஆண்டவரைத் தோட்டத்துல கைது பண்றாங்க. சீஷர்கள் அத்தனை பேரும் ஓட்டம். ஒரு வாலிபன் மட்டும் உடம்பு மேல ஒரு துணியைச் சுத்திக்கிட்டுப் பின்னாலயே போறான். அவனையும் பிடிக்கிறாங்க. துணி அவங்க கையில வந்துடுது, ஆள் அம்மணமா ஓடிடறான். அவ்வளவுதான், ரெண்டே வசனம். யாரு, எந்த ஊரு, அந்த நேரத்துல அங்க எதுக்கு வந்தான்... ஒண்ணும் கிடையாது. இந்த ரெண்டு வசனத்தை வச்சு எத்தனை பேர் பேராசிரியர் ஆயிருக்காங்க தெரியுமா? ஒருத்தர் சொல்வார், சுவிசேஷத்தை எழுதினவரேதான் அவன், ஓரமாக் கையெழுத்துப் போட்டிருக்கார்னு. இன்னொருத்தர், கல்லறையில வெள்ளை உடுப்போட உக்காந்திருந்தவன் இவன்தாம்பார். மூணாவது ஆள் வந்து, அது மனுஷனே இல்ல, ஞானஸ்நானத்துக்கு அடையாளம்பார். அவன் மட்டும் ஒரு நிமிஷம் நின்னு பேரைச் சொல்லிட்டு ஓடியிருந்தா எங்க பொழப்பு நாறியிருக்கும்.

அந்த விஷயத்துல என் கட்டுரைதான் முக்கியமானது. நான் சொல்லல, மத்தவங்க சொல்றாங்க. பத்தொம்பது இடத்துல மேற்கோள் காட்டியிருக்காங்க, மேடம். ஒரு கலைக்களஞ்சியத்துல, ‘இதை மறுக்க முடியாதபடி நிறுவியவர்’னு என்னைப் போட்டிருக்கான். எதை நிறுவினேன்னு போடல. அது வேற.

என் மச்சினன் இருக்கானே, வீட்டுக்காரியோட தம்பி, அவன் என் கட்டுரையை மறுத்து பன்னெண்டு பக்கம் எழுதினான். அவன் பழைய ஏற்பாட்டு ஆள். பழைய ஏற்பாட்டுக்காரங்களுக்கு ஒரு திமிர் உண்டு மேடம். புதிய ஏற்பாட்டுக்காரங்க எங்களையெல்லாம் கடைசி இருபது நிமிஷம் படம் பாக்க வந்தவங்க மாதிரிதான் பேசுவாங்க. பன்னெண்டு பக்கத்துலயும் நான் சொல்லாததையெல்லாம் நான் சொன்னதா எழுதியிருக்கான். எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. காலையில சாப்பிடற மேஜையில வச்சு, ‘உன் தம்பி என்னைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டான்’னு கத்துறேன். அவ ரொட்டியில வெண்ணெய் தடவிக்கிட்டிருந்தா. நிமிந்துகூடப் பாக்கல. நான் எழுதறதையெல்லாம் டைப் அடிக்கிறது அவதான், கல்யாணம் ஆன நாள்லேருந்து.

‘அதை எப்ப எழுதினீங்க? நான் டைப் அடிச்ச ஞாபகம் இல்லையே’ன்னா.

...

அப்படிப் பாக்காதீங்க மேடம். சிரிக்கணும்னா சிரிச்சிடுங்க, அது பரவால்ல. இப்படிக் கண்ணாடிக்கு மேல பாக்கறதுதான் தாங்கல. முன்னறையில இருக்கிற பதினாலு பேர் போதும்.

சரி, சொல்லிடறேன். அப்படி ஒரு கட்டுரை கிடையாது.

பொய் இல்ல அது. மொதல்ல கேளுங்க. எனக்கு முப்பத்தொரு வயசு. அந்தக் கைது காட்சியைப் பத்தி வேற ஒரு கட்டுரை எழுதினேன், அது நெசமாவே இருக்கு, உங்க மூணாவது அலமாரியில பாத்தேன், மேல தூசி. அதுல இந்த வாலிபன் குறுக்க வந்தான். அவன் யாருன்னு எனக்குத் தெரியல. கட்டுரையை அனுப்ப ரெண்டு நாள்தான் இருந்தது. நாற்பத்தேழாவது அடிக்குறிப்புல ஒரு வரி போட்டேன்: இந்த வாலிபன் யார் என்பதை ‘ஓடிப்போன வாலிபன்’ என்ற என் கட்டுரையில் விரிவாக நிறுவியுள்ளேன், விரைவில் வெளிவரும். எல்லாரும் போடறதுதான் மேடம். எங்க தொழில்ல இது ஒரு பழக்கம். போட்டுட்டு அப்புறம் உக்காந்து எழுதிடுவோம். எழுதிடலாம்னு நெஜமா நெனச்சேன்.

அப்புறம் பாத்தா, அடுத்த வருஷமே ஒருத்தர் அதைக் குறிப்பிட்டுட்டார். அவரைப் பாத்து இன்னொருத்தர். எங்க போனாலும் பாராட்டு. பதவி உயர்வு நேர்காணல்ல, குழுவுல இருந்த பெரியவர், ‘அந்த வாலிபன் கட்டுரை பிரமாதம்’னார். நான் பொய் சொல்லல. ‘நன்றி’ன்னுதான் சொன்னேன். அந்த ஒரு வார்த்தைதான்.

எழுத உக்காராம இல்ல. மூணு தடவை உக்காந்தேன். மூணு தடவையும் முத பக்கத்துல பழைய ஆளுங்க என்ன சொன்னாங்கன்னு எழுதுவேன். ரெண்டாம் பக்கத்துல அவங்க எல்லாரும் ஏன் தப்புன்னு எழுதுவேன். மூணாம் பக்கத்துல நான் சொல்லணும். அங்க வந்ததும் பேனா நிக்கும். ஏன்னா எனக்குத் தெரியல, மேடம். இன்னைக்கும் தெரியல. தெரியலைன்னு ஒரு வரி போட்டுட்டுப் போயிருக்கலாம், முப்பத்தொரு வயசுல. ஒருத்தரும் கோவிச்சிருக்க மாட்டாங்க. ஆனா எங்க ஆளுங்க யாராவது தெரியலைன்னு எழுதி நீங்க பாத்திருக்கீங்களா? ‘இது மேலும் ஆய்வுக்குரியது’ம்போம். அது வேற சங்கதி.

இதோட முடிஞ்சிருந்தா நான் பாட்டுக்கு ஓய்வு பெற்று வீட்டுல உக்காந்திருப்பேன். போன வருஷம், இன்னைக்கு வைவாவுக்கு வர்ற இந்தப் பொண்ணோட தீசிஸ் தேர்வுக்கு வந்தது. எந்த தீசிஸ் வந்தாலும் நாங்க மொதல்ல பின்னாலதான் திருப்புவோம். நூற்பட்டியல்ல நம்ம பேர் இருக்கான்னு. இல்லைன்னு சொல்றவனை நம்பாதீங்க. என் பேர் இருந்தது, ஆனா ‘ஓடிப்போன வாலிபன்’ இல்ல. எனக்குச் சுருக்குனு ஆயிடுச்சு. அறிக்கையில எழுதிட்டேன்: இத்துறையின் அடிப்படையான கட்டுரையை ஆய்வாளர் பார்வையிடவில்லை, திருத்தி மறுபடி சமர்ப்பிக்கவும்.

சத்தியமா சொல்றேன், எழுதும்போது அப்படி ஒண்ணு இல்லைங்கறதே எனக்கு ஞாபகம் வரல. இத்தனை வருஷம் மத்தவங்க சொல்லிச் சொல்லி எனக்கே இருக்கிற மாதிரி ஆயிடுச்சு. நீல அட்டை கூட மனசுல இருக்கு.

அந்தப் பொண்ணுக்கு ஒரு வருஷம் போச்சு. அவளுக்கு ஒரு கல்லூரியில வேலை எடுத்து வச்சிருக்காங்களாம், இந்த மாசம் பட்டம் வந்தாத்தான், இல்லைன்னா வேற ஆளாம். உங்களுக்குத் தெரியாதா என்ன. அவளுக்காக முப்பத்தோரு நூலகத்துக்கு எழுதிக் கேட்டது நீங்கதானே. தீசிஸ்ல உங்களுக்கு நன்றி போட்டிருக்கா, பாத்தேன். எனக்கும் ரெண்டு கடிதம் எழுதினா. ரொம்ப மரியாதையா, ஐயா, தங்கள் கட்டுரையின் ஒரு நகல் கிடைக்குமான்னு. நான் என்ன பதில் போட்டேன் தெரியுமா? ‘தேடிக் கண்டடைவதும் ஆய்வின் ஒரு பகுதியே.’ நாசமாப் போக. கடிதத்தைத் தபால்ல போட்டுட்டு அன்னைக்கு மத்தியானம் நல்லாத் தூங்கினேன் வேற.

தேடினா, மேடம். தேடிக் கண்டும் பிடிச்சுட்டா.

புது தீசிஸ்ல பின்னிணைப்பு மூணு. பதினொரு பக்கம். நாங்க பழைய கையெழுத்துப் பிரதிகளை வச்சுப் பண்ணுவோமில்ல, எந்தப் பிரதி எதைப் பாத்து எழுதினதுன்னு தப்புகளை வச்சு வம்சாவளி போடறது, அதே முறை. நான் இருபது வருஷமா வகுப்புல நடத்தற முறை. அந்தப் பத்தொம்பது மேற்கோளையும் எடுத்து ஒரு மரம் வரைஞ்சிருக்கா. மொத ஆள் ‘விரைவில்’ங்கறதை விட்டுட்டார். ரெண்டாவது ஆள் வருஷம் போட்டார். மூணாவது ஆள் தொகுதி எண் சேத்தார். நாலாவது எடத்துல பக்க எண் முளைக்குது, யாரோ பதிப்பாசிரியருக்கு வெத்து இடம் பிடிக்கல போல. என் மச்சினன் அந்தப் பக்க எண்ணைச் சுட்டிக்காட்டித்தான் என்னைக் கண்டிச்சிருக்கான். எல்லாக் கிளையும் எங்க வந்து சேருது? நாற்பத்தேழு. கடைசியில அடக்கமா ஒரு வரி: அப்படி ஒரு கட்டுரை எழுதப்படவே இல்லை என்பதே சான்றுகளுக்குப் பொருத்தமான முடிவு.

அவ்வளவு சுத்தமான வேலை. வேற யாரைப் பத்தியாவது இருந்திருந்தா எழுந்து நின்னு கை தட்டியிருப்பேன்.

இப்ப என் நிலைமையைப் பாருங்க. ‘முடிவுகள் ஏற்கத்தக்கவை’ங்கற இடத்துல நான் கையெழுத்துப் போட்டா, என் கட்டுரை இல்லைன்னு நானே கையெழுத்துப் போட்டதா ஆகும். போடலைன்னா அந்தப் பொண்ணுக்கு வேலை போகும். நடுவுல ஒரு வழி இருக்கா? இருக்குன்னு நெனச்சுத்தான் உங்ககிட்ட வந்தேன். உங்க நூலகப் பேர் அச்சடிச்ச தலைப்புத்தாள்ல ஒரே ஒரு வரி போதும். மழையில ஒழுகி சில தொகுதிகள் வீணாகிட்டதுன்னு. எந்தத் தொகுதின்னுகூடப் போட வேணாம். ‘சில’. கூரை ஒழுகாத நூலகம் எங்க இருக்கு? அந்தத் தாளை வச்சுக்கிட்டு நான் பெருந்தன்மையா, அம்மா, உங்க பின்னிணைப்பை மட்டும் எடுத்துடுங்க, கட்டுரை அழிஞ்சுபோச்சு, உங்க மேல தப்பு இல்ல, பட்டம் வாங்கிக்கோங்கன்னு சொல்லிடுவேன். அவளுக்கும் நல்லது. எனக்கும்...

தாள் இருக்கிற இழுப்பறையைச் சாத்திட்டீங்களே.

பதினொரு பக்கத்தை எடுக்கச் சொல்றது தப்புன்னு நெனைக்கிறீங்க. அந்த தீசிஸ்லயே உருப்படியானது அதுதான், எனக்குத் தெரியாதா? மத்ததெல்லாம் நாங்க எழுதற மாதிரிதான் இருக்கு. இது ஒண்ணுதான் தேடிப் போய்ப் பாத்துட்டு வந்து சொன்ன மாதிரி இருக்கு. ராத்திரி ரெண்டு தடவை படிச்சேன். ரெண்டாவது தடவை எங்கயாவது ஒரு ஓட்டை இருக்கான்னு பாத்தேன். ஒரு கால்புள்ளிகூட இடம் மாறல.

கோவத்துல எழுதியிருப்பான்னுதான் மொதல்ல நெனச்சேன். ஒரு வருஷம் போச்சே. ஆனா குத்தல் பேச்சு ஒரு வரி கிடையாது மேடம். ‘பேராசிரியர் எழுத எண்ணியிருக்கலாம்’னு ஒரு இடத்துல போட்டிருக்கா. எண்ணியிருக்கலாமாம். அந்த வார்த்தைதான் என்னைத் தூங்க விடல.

என்ன, எழுந்துட்டீங்க? மேஜையைப் பூட்டறீங்களே... நூலகம் பத்தே முக்காலுக்கா மூடுவீங்க? ஓ. நீங்களும் மேலதான் வர்றீங்களா? பொது வைவாவா அது? யாரும் எங்கிட்ட சொல்லல. அவங்க யாரு, மாடிப்படியில அவ்வளவு கூட்டம்? அத்தனை பேரும் பின்னிணைப்பு மூணைக் கேக்கத்தான் போறாங்களா?

இருங்க, ஒரே நிமிஷம். மொத கேள்வி நான்தான் கேக்கணும், வெளித் தேர்வாளர்தான் ஆரம்பிக்கணும்னு முறை. என்னன்னு கேக்கறது? தாள் வேணாம், நீங்க குடுக்க மாட்டீங்க, அதை விட்டுடுங்க. கேள்வி மட்டும் சரியா இருக்கான்னு சொல்லிட்டுப் போங்க. ‘அப்படி ஒரு கட்டுரை இல்லைன்னு எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?’ இப்படிக் கேட்டா போதும்ல? அவ சொல்வா. நல்லாவே சொல்வா. சொல்லி முடிச்சதும் நான், ‘சரியான விடை’ன்னு சொல்லணும். அத்தனை பேர் முன்னால. ரெண்டே வார்த்தை. ‘நன்றி’யை விட ஒரு வார்த்தைதான் கூட.

மேடம்...? கதவைத் தெறந்து வச்சுட்டே போயிட்டாங்க.