காலெடுத்தால் நிற்கும் வண்டி

மலையிறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது, கியரையும் நம்ப வேண்டும். இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்களும் ஜீப் ஓட்டுகிறவர், உங்களுக்குத் தெரியாததல்ல.

கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி எழில்மதியைக் கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைப் பள்ளிக்கு நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். டீச்சர் வேலை. வளைவில் இரண்டாம் கியருக்கு இறக்கினால் எஞ்சின் உறுமும், அவள் என்னைத் திட்டுவாள். அந்த நேரம்தான் நான் மனுஷனாக இருந்தேன். மிச்சப் பொழுதெல்லாம் சும்மா கழிந்தது.

பிறகு அவள் எலக்ட்ரிக் கார் வாங்கினாள். கிளட்ச் இல்லை, கியர் இல்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வண்டி தானாக வேகம் குறைந்து நின்றுவிடும். ஒரே வாரத்தில் தனியாக மலையேறப் பழகிவிட்டாள். ஓடும்போது பிரேக் பக்கம் அவள் கால் போனதே இல்லை.

"இன்னாங்க, மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு இருக்கீங்க? உங்க கூட வந்தா வண்டி சத்தம் ஒண்ணு, உங்க சத்தம் ஒண்ணு. இப்ப நிம்மதியா பாட்டு கேட்டுக்கினே போறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். எனக்கு மனசு விட்டுப்போயிற்று.

அன்று மதியம் பைக்கில் பள்ளிக்குப் போய் அவளுக்குச் சாப்பாடு கொடுத்தேன். கார் சாவியை வாங்கி, தானாக வேகம் குறையும் அந்த வசதியைக் காருக்குள் இருக்கும் திரையில் அணைத்தேன். வேறெதையும் தொடவில்லை. பள்ளத்தில் கிடந்த காரைப் பார்த்துவிட்டு நீங்களே, "பிரேக்கு நல்லாத்தான் இருக்குதுங்க, மேடம் மிதிக்கவே இல்ல போல" என்றீர்கள். சரியாகத்தான் சொன்னீர்கள்.

ஒரு வளைவில் கொஞ்சம் பயந்தால் போதும், என்னைத் தேடுவாள் என்று நினைத்தேன். சாயங்காலம் அடிவாரத்து டீக்கடையில் காத்திருந்தேன். இறங்கும்போது தினமும் காரிலிருந்தே எனக்குப் போன் போட்டுப் பேசுவாள். அன்றும் கூப்பிட்டாள்.

"ஏங்க, காலெடுத்தும் வண்டி நிக்க மாட்டேங்குது. ஓடிக்கினே இருக்குது. இன்னா பண்றது?"

பிரேக்கை மிதி என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அவள் என்னை ஒன்று கேட்டு வெகுநாளாயிருந்தது, ஐயா. அந்தக் குரலை இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும் போலிருந்தது.

"நாளையிலேர்ந்து வண்டிய யாரு ஓட்டறது, அத சொல்லு மொதல்ல" என்றேன்.

"நீங்கதாங்க. நீங்களே ஓட்டுங்க" என்று அழுதாள்.

எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதற்கப்புறம்தான் பிரேக், பிரேக் என்று கத்தினேன். கடையிலிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். போனில் யாரும் இல்லை.