அகலத் தோணி

சுனாமிக்குப் பிறகு வாவிக்கரையில் தோணி கொடுத்தார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பருத்த மனிதர், தனக்குக் கொடுத்த ஒடுக்கமான தோணியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, எழும்ப முடியாமல் தவித்தார். வரிசையே சிரித்தது.

“தம்பி, வலை இழுக்கத் திரும்பினா தோணியும் என்னோட திரும்பும். அந்த அகலமானதத் தாங்க.”

“அது ஒண்டுதான் இரிக்கி. அகலம் என்னத்துக்கு அண்ணன்? அக்கரைக்கு ஆர ஏத்தப்போறீங்க?” என்றார் உத்தியோகத்தர்.

வாவிக்கு அக்கரை அப்போது, இராணுவத்தோடு போரிட்ட இயக்கத்தின் கையில் இருந்தது.

“என்னத்தான் ஏத்தப்போறன். நானே ரெண்டு ஆள் பாரம்தானே.”

“போன மாசமும் அக்கரைக்குப் போனவர்,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“மகளப் பாக்கப் போனன்டா!”

“மகளையோ, வேற ஆரையோ?”

“கையெழுத்து வைங்க அண்ணன். இல்லாட்டி இதுவும் இல்ல,” என்றார் உத்தியோகத்தர்.

பருத்தவர் வைத்தார்.

அடுத்தது நான். ஓய்வுபெற்ற ஆசிரியன், மெலிந்தவன், பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவன். உத்தியோகத்தர் எழுந்து நின்றார்.

“சேர், உங்களுக்கு எது வசதி?”

அகலத் தோணியைக் கையால் காட்டினேன். யாரை ஏற்றப்போகிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதன்பிறகு அந்தப் பருத்த மனிதரைப் பல நாள் கண்டேன். ஒடுக்கத் தோணியைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் நடந்தே வலை வீசுவார். நான் என் தோணியில் அவரைக் கடந்து போவேன். என் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முழம் இடம் சும்மா கிடக்கும்.