கூரை ஓட்டு வரியும் லாச்சிக் கடிதமும்

கடல்சூழ் துறையின் காவலரே, கடமையில் கண்டிப்பும் கருத்தில் கனிவும் கொண்ட பெருந்தகையே, சுங்கத் தலைவர் திருவாளர் தில்லைநாதன் ஐயா அவர்களே!

முப்பத்தொரு ஆண்டுகள் மூட்டை அவிழ்த்துப் பார்த்தும் ஒருவர் முகமும் சுளியாதபடி நடந்த தங்கள் முறைமையை மூன்று பக்கம் புகழலாம். தங்கள் ஓய்வு விழாவுக்குப் பூமாலையும் பலகாரமும் காத்திருக்கின்றன. ஆயினும் எங்கள் மனம் கலங்கிக் கிடக்கிறது. தங்கள் பென்சன் நிறுத்தப்பட்டிருக்கிறது. வருகிற பதினைந்தாந் திகதி விசாரணை.

சென்ற ஆண்டு, செலவுக்கு வரவு போதாத அரசாங்கம், இந்தியாவிலிருந்து தோணியில் வரும் கூரை ஓட்டுக்கு வரியை இரட்டித்தது. முதல் மாதம் வருமானமும் இரட்டித்தது. மூடப்படவிருந்த நம் சுங்கக் கந்தோர் தப்பியது; கொழும்பிலிருந்து பாராட்டு வந்தது. தாங்கள் ஒருவர் மட்டும் மகிழவில்லை. “இவை வரி கூடுமுன்பே புறப்பட்ட தோணிகள். இனி வரமாட்டா. வரியைக் குறைத்தால்தான் திறைசேரிக்கு ஏதும் சேரும்” என்று கொழும்புக்கு எழுதி, தபாலில் சேர்க்க இலிகிதர் மரியநாயகத்திடம் கொடுத்தீர்கள்.

நாலு பிள்ளைகளின் தகப்பனான மரியநாயகம் பயந்தார். கடிதம் போனால் கந்தோரும் வேலையும் போய்விடுமே என்று அதை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். அடுத்த மாதம் தோணி வந்துவிட்டால் கிழித்துவிடலாம் என்று நினைத்து, காலைதோறும் தோணியின் பாய் தெரிகிறதா என்று கடலையே பார்த்தார். ஒரு பாயும் தெரியவில்லை. கரம்பொன்னிலும் மண்கும்பானிலும் ஓடு போடவிருந்த வீடுகளுக்குத் தென்னோலைக் கிடுகே ஏறியது. முதல் மாதக் கணக்கை நம்பிய கொழும்பு வரியை இன்னும் கூட்டியது. தோணியே வராத துறையில் எந்த வரிக்கும் வரவு பூச்சியம்தான்.

ஏன் எச்சரிக்கவில்லை என்று மேலிடம் கேட்டது. மரியநாயகம் லாச்சியைத் திறந்து காட்டினார். தாங்கள் கோபிக்கவில்லை.

“பிள்ளையளோடை நீர் எங்கை போவீர்? நான் போற ஆள்தானே. நான் எழுதேல்லை எண்டு சொல்லுறன். நீர் வாய் திறக்கக்கூடாது.”

“ஓம் ஐயா” என்றார் அவர். தாங்கள் மேலிடத்துக்கு அப்படியே சொல்ல, பென்சன் நின்றது. சக ஊழியருக்கும் இது இப்போதுதான் தெரிகிறது.

ஐயா, இம்மடலுக்கு இரண்டு படிகள். ஒன்று கண்ணாடியிட்டுத் தங்கள் கையில். மற்றது, லாச்சியில் கிடந்த அந்தக் கடிதத்தோடு, இன்று காலைத் தபாலில் கொழும்புக்குப் போய்விட்டது. தங்கள் சொல்லை மீறியதைப் பொறுத்தருள்க. பென்சனும் சுகமும் குறையாமல் பல்லாண்டு வாழ்க.

சக ஊழியரின் அன்போடும், தன் ஒருவனின் பழியோடும்,
இதை எழுதி இப்போது வாசித்து நிற்பவன்,
இலிகிதர் மரியநாயகம்