கடவுளுக்குக் கொடுத்த கிரேன்

எனக்கு வெற்றிலை, பீடி எதுவும் கிடையாது இன்ஸ்பெக்டர் சார். அகராதி படிப்பேன், அவ்வளவுதான். கல்மண்டபத்தில் என் பெயரே 'டிக்ஷனரி'. ஒரு இங்கிலீஷ் சொல்லைப் பிடித்தால் அதன் பூர்வீகம் தெரியும்வரை எனக்குச் சோறு இறங்காது.

போன ஆடியில் என் தம்பி செல்வம் ராயபுரம் படகுத்துறையில் செத்துப்போனான். நான் அங்கே சூப்பர்வைசர். நீராவி கிரேன் இறக்கிய தேக்குமரம் அவன் நெஞ்சின் மேலேயே உட்கார்ந்தது. நான் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். கம்பெனியில் விசாரித்து, யார் மேலும் குற்றமில்லை என்று முடித்தார்கள். மறுநாளே கிரேனைக் கழுவி வேலைக்கு விட்டார்கள்.

அவன் பெண்சாதி அங்கம்மா என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "அந்தக் கிரேன இன்னும் ஓட்டிக்கினு கீறாங்களாமே மாமா?"

அந்த வாரம்தான் மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய சட்ட அகராதியில் 'டியோடண்ட்' என்ற சொல்லைக் கண்டேன். இங்கிலீஷ்காரனே மறந்துவிட்ட சொல். அவர்கள் ஊரில் ஒரு காலத்தில் வண்டி ஏறி ஆள் செத்தால் அந்த வண்டியே குற்றவாளி. ராஜா அதைப் பறித்துக் கடவுள் காரியத்துக்குக் கொடுக்க வேண்டும். மானேஜரிடம் காட்டினேன். அந்தச் சட்டத்தை எடுத்தே நூறு வருஷமாச்சு என்று சிரித்தார்.

சொல்லின் வேர் லத்தீனில் இருந்தது. லத்தீன் எனக்குத் தெரியாது, ஹென்றிக்குத் தெரியும். அந்தக் கிரேனை ஓட்டுபவன் அவன்தான். சாமியார் படிப்புக்குப் போய் பாதியில் திரும்பியவன். செல்வம் செத்ததிலிருந்து என் முகத்தைப் பார்க்கவே கூசுவான். நான் புத்தகத்தோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"தேயோன்னா கடவுளுக்கு. தாந்தும்னா குடுக்க வேண்டியது நைனா," என்றான். கீழே ஒரு லத்தீன் வரி இருந்தது. விரல் வைத்து அதையும் படித்தான். "சாவு வர்றதுக்கு எதெல்லாம் அசஞ்சுதோ, அதெல்லாம் கடவுளுக்குத்தான்."

"எல்லாமேவா?"

"எல்லாந்தான். வண்டி ஓடிக்கினு இருந்தா சக்கரம், குதிர, ஒண்ணு வுடாம குடுக்கணும்."

நியாயமான சட்டம் சார். கிரேன் தானாக அசையாது. லிவரை ஒரு கை தள்ளினால்தான் அசையும். ஹென்றி மேல் எனக்குக் கோபம் கிடையாது. தங்கமான மனுஷன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் பூசைக்குப் போயிருந்த நேரத்தில், கிரேனைக் கரைப்பக்கம் பிடித்திருந்த போல்ட்டுகளின் நட்டுகளைக் கழற்றினேன். மேலே கிரீஸைப் பூசி மறைத்தேன். திங்கட்கிழமை காலையில் ஹென்றி என்னிடம் வந்து, "நேத்து செல்வம் பேருல பூச வெச்சேன் நைனா," என்றான். ரொம்ப சந்தோஷம் என்றேன். பிறகு அவன் கிரேனில் ஏறி உட்கார்ந்தான். படகிலிருந்து முதல் மரத்தைத் தூக்கியதும் கிரேன் கடல் பக்கம் சாய்ந்து, அவனோடு உள்ளே போயிற்று. அவன் அதில் இருப்பான் என்று தெரிந்தேதான் செய்தேன்.

அங்கம்மாவிடம் போய், இனிமேல் அது ஓடாது என்றேன். "அந்த ஆளு இன்னா மாமா பண்ணாரு?" என்றாள். அதற்கப்புறம் நான் போனால் கதவைத் திறப்பதில்லை. அவளுக்குச் சட்டம் புரியவில்லை.

நீங்களும் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். செல்வம் செத்த அன்று, கீழே ஆள் நிற்கிறானா என்று பார்த்து, இறக்கு என்று ஹென்றிக்குக் கைகாட்ட வேண்டியவர் யார் என்று. நான்தான். பார்க்காமல்தான் காட்டினேன். ஆனால் சார், என் கை எதையும் தொடவில்லை. காற்றில்தான் அசைந்தது.