எலுமிச்சம்பழம் நசுக்கும்போது பாய்ந்த கார்

என் பெயர் கஜபதி, வயது 43, தந்தை பெயர் மணவாளன். திருமுல்லைவாயில் குளக்கரைத் தெருவில் குடியிருக்கிறேன். அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் நஜீருடன் கூட்டாகக் கார் ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். நஜீரை இப்போது ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குக் கொண்டுபோயிருப்பதால் எனக்கு உட்கார முடியவில்லை, போலீஸ் ஸ்டேஷனில் நின்றபடியே சொல்கிறேன்.

நெமிலிச்சேரி தினகரன் என்பவர் தம்முடைய காரில் இன்ஜின் சக்தியைக் கூட்டியிருந்தார். அதனால் பழைய கிளட்ச் தாங்காமல், பிடிக்காமல் வழுக்கி ஸ்லிப் ஆனது. அழுத்தம் கூடிய பிரஷர் பிளேட்டுடன் சாதாரண நார் பிளேட் போட்டாலே போதும், கணவன் மனைவி இரண்டு பேரும் ஓட்டுகிற வண்டி என்று நானும் நஜீரும் சொன்னோம். அவர் பந்தய வண்டிக்குப் போடும் மெட்டல் பிளேட்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அது மெதுவாகப் பிடிக்காது, ஒரேயடியாகப் பிடித்து வண்டி பாயும் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். தெரியும் என்றார். அதன் பிறகு அவர் கேட்டதையே பொருத்தினோம்.

இன்று காலை மனைவி சித்ராவுடன் வண்டி எடுக்க வந்தார். பெரிய வேலை முடிந்தால் சூடம் காட்டி, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் வண்டியை வெளியே விடுவோம். பழம் வைப்பது நஜீர். அவனுக்குக் கைராசி என்று வருகிறவர்கள் அவனையே கேட்பார்கள். வீட்டு லட்சுமி எடுக்கட்டும் என்று தினகரன் மனைவியை ஸ்டியரிங்கில் உட்கார வைத்தார். அந்தம்மா என்னிடம், "அண்ணா, கிளட்ச் பழைய மாதிரிதானே?" என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் தினகரன், "எல்லாம் அதேதான், நீ எடு" என்றார். இல்லை என்று சொல்லிக்கொண்டே நான் ஜன்னலருகே போவதற்குள் அந்தம்மா கிளட்சிலிருந்து காலை எடுக்க, வண்டி குலுங்கி ஆஃப் ஆனது. பழம் உருண்டு விலகியது. அதைச் சரியாக வைக்க நஜீர் இடது சக்கரத்தின் முன் குனிந்தான். ஸ்டியரிங்கில் இருப்பவருக்கு அது தெரியாது. அதன் பிறகு அந்தம்மா மறுபடி ஸ்டார்ட் செய்ய, வெளியே நின்ற தினகரன், "இன்னாத்துக்குப் பயப்படுற, ஆக்சிலேட்டர் நல்லா குடு" என்றார். நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. வண்டி பாய்ந்து நஜீரைச் சுவரோடு சேர்த்து அழுத்தியது.

ஆம்புலன்ஸில் நஜீர், "அண்ணாத்தே, அந்தக்கா மேல கேஸ் எழுத உடாத" என்றான்.

அதன் பிறகு ஸ்டேஷன் வாசலில் தினகரன் என்னைத் தனியே அழைத்து, கால் தவறிவிட்டதாகச் சித்ராவே ஒப்புக்கொண்டாள், நீயும் அப்படியே சொல், புது கிளட்ச் பேச்சை எடுக்காதே என்றார். அந்தம்மா அதோ பெஞ்சில் தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கிறார். அவர் கால் தவறவில்லை. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பழைய கிளட்ச் என்று நம்பி எப்படி எடுக்க வேண்டுமோ அப்படித்தான் எடுத்தார்.

போலீஸ்காரர் எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். அதில் நான் சொல்லாமலே "கால் தவறி" என்று வந்த இடத்தை அடிக்கச் சொன்னேன். அடித்த பிறகே கையெழுத்திடுகிறேன். மற்றவை நான் சொன்னபடி உள்ளன, உண்மை.

(ஒப்பம்) ம. கஜபதி