பூட்ஸை உதைக்க ஓர் ஆள்

இந்த இரங்கல் கூட்டத்திற்குத் தலைமை ஏற்றிருக்கும் போதகர் சோல்வெய்க் அவர்களே! நகர் மன்றத்தின் சார்பில் மேடையில் அமர்ந்திருக்கும் திருமதி கெர்ஷா அவர்களே! அக்காவைப் பறிகொடுத்துவிட்டு, ஃபார்கோவிலிருந்து பனிப்புயலுக்குள் வண்டி ஓட்டி வந்து முன்வரிசையில் இருக்கும் ஆர்டிஸ் அம்மையாரே! வீட்டு உரிமையாளர்களே! அலுவலகத் தோழர்களே! இத்தனை நாற்காலி காலியாகக் கிடந்தும் பின்சுவரில் சாய்ந்து நிற்கும் முன்னாள் படைவீரர்களே! உங்களை உட்காரச் சொல்ல மாட்டேன். கதவுக்கு முதுகு காட்டி உட்கார உங்களுக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். நின்றே கேளுங்கள். அனைவருக்கும் என் வணக்கம்.

என் பெயர் ரோலண்ட் பெட்ரிச். இந்த டுலூத் நகரில், வீடில்லாத முன்னாள் படைவீரர்களுக்கு வீடு பிடித்துக் கொடுக்கும் மானிய அலுவலகத்தில், மார்லிஸ் டோலெஃப்சன் அவர்களுக்கு எதிர் மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன். எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரைப் பொறுமையின் வடிவம் என்றார்கள். யார் சொன்னது? மார்லிஸுக்கா பொறுமை? அவர் தொலைபேசியை வைக்கும் வேகத்தில் பக்கத்து அறையில் காலண்டர் ஆடும்! அவர் போட்ட காப்பியை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது. ஒரு நாளும் சீருடை அணியாத அந்த அம்மாவை நீங்கள் எல்லாரும் "சார்ஜென்ட்டம்மா" என்று கூப்பிட்டீர்களே, சும்மாவா கூப்பிட்டீர்கள்?

மானியத்தை நிர்வகிப்பது என்றால் என்ன வேலை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அரசாங்கம் பணம் அனுப்பும். அதோடு ஒரு வண்டி விதிகளையும் அனுப்பும். பாலத்தடியில் படுத்தவருக்கு உண்டு. நண்பன் வீட்டு சோபாவில் படுத்தவருக்கு இல்லை. வாடகைக்கு உண்டு, கட்டிலுக்கு இல்லை. இந்த விதிகளுக்குள் ஒரு மனிதனை நுழைத்து, மறுபக்கம் ஒரு சாவியோடு வெளியே எடுக்க வேண்டும். மார்லிஸ் அதைத்தான் செய்தார். முகம் கோணாமல் செய்தார் என்று பொய் சொல்ல மாட்டேன். முகத்தைக் கோணிக்கொண்டு, திட்டிக்கொண்டு செய்தார்.

வீட்டு உரிமையாளர் ரூடி இங்கேதான் இருக்கிறார். தலையைக் குனியாதே ரூடி, நீ சொன்னதைத்தான் சொல்லப் போகிறேன். முதல் தடவை நாங்கள் அவரிடம் வீடு கேட்டுப் போனபோது வாசலிலேயே நிறுத்தினார்.

"பட்டாளத்து ஆளுங்க வேணாம்மா. குடிப்பாங்க, ராத்திரி கத்துவாங்க."

"உங்க மச்சான் குடிக்கிறதில்லையா?"

"அவன் என் மச்சான்மா!"

"அவருக்கு மாடி வீட்ட விட்டிருக்கீங்க. வாடகையும் தர்றதில்ல, கத்துறதும் அஞ்சாவது தெரு வரைக்கும் கேக்குது. என் ஆளுங்களுக்கு வாடகை கவர்மென்ட்டு தருது. யாரு நல்ல குடித்தனக்காரன்னு நீங்களே சொல்லுங்க."

ரூடி அன்றைக்குக் கொடுத்தது ஒரு வீடு. பிறகு ஒவ்வொன்றாக அந்தக் கட்டடம் முழுவதும் நம்முடையதாயிற்று. மச்சான் மட்டும் இன்னும் மாடியில் இருக்கிறார்.

மானியப் பணம் போகுமுன் வீட்டைச் சோதிக்க வேண்டும் என்பது விதி. நானும் சோதித்திருக்கிறேன். குழாயைத் திறப்பேன், அடுப்பைப் பற்றவைப்பேன், கையெழுத்துப் போடுவேன். மார்லிஸ் என்ன செய்வார்? கோட்டைக் கழற்றி விரித்து, தரையில் மல்லாந்து படுத்துக்கொள்வார்! உரிமையாளர் விழிப்பார். எனக்கு மானம் போகும்.

"யோவ் ரோலண்ட், நின்னுக்கிட்டு பாத்தா உனக்கு என்ன தெரியும்? கட்டிலுக்கு மானியம் கெடையாது. வர்றவன் மொத மாசம் தரையிலதான் படுப்பான். ஏரிக்காத்து எந்த இடுக்கு வழியா வருதுன்னு படுத்தாத்தான் தெரியும்."

அப்படிப்பட்டவருக்கும் ஒன்று தெரியாமல் போயிற்று. அதைச் சொல்லத்தான் இன்று எழுந்தேன்.

லைல் பெர்க்விஸ்ட்டை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கப்பற்படையில் சமையல்காரராக இருந்தவர். பிறகு பல குளிர்காலங்கள் கனிமத் துறைமுகத்துப் பாலத்தடியில் கிடந்தார். டெல்மர் ஹக்காலாவும் இன்னும் சிலரும் கூட்டு. அந்தப் பாலத்தடியில் ஒரு வழக்கம் உண்டு. பின்னால் நிற்பவர்களுக்கு அது தெரியும். முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது. காலையில் முதலில் விழிப்பவர் எழுந்துபோய், மற்றவர்களின் பூட்ஸ் அடியை ஒவ்வொன்றாக உதைக்க வேண்டும். "செத்துட்டியா?" என்று கேட்க வேண்டும். போர்வைக்குள்ளிருந்து "இன்னும் இல்ல" என்று பதில் வர வேண்டும். கூடவே ஒரு கெட்ட வார்த்தையும் வரும். இந்த ஊரின் குளிரில் எத்தனையோ உயிர் அந்த உதையால் பிழைத்திருக்கிறது. பதில் வராத காலைகளும் உண்டு. அதையும் பின்னால் நிற்பவர்கள் அறிவார்கள்.

லைலுக்கு மார்லிஸ் வீடு பிடித்துக் கொடுத்தார். சூடான வீடு, நல்ல பூட்டு, ஏரி தெரியும் சன்னல். கோப்பை மூடினோம். அறிக்கையில் அவர் பெயர் "நிலையாகக் குடியமர்ந்தவர்" என்ற பகுதியில் ஏறியது. தலைநகரிலிருந்து பாராட்டு வந்தது. அந்தப் பாராட்டு வந்த வாரத்தில், லைல் அந்த வீட்டுக்குள் இறந்து கிடந்தார். கீழ்வீட்டில் இருந்த பெண்மணி, வீட்டு உரிமையாளரிடம் முறையிட்ட பிறகுதான் கதவைத் திறந்தார்கள். அதற்குமேல் சொல்ல வேண்டாம். ஆர்டிஸ் அம்மையார் இருக்கிறார்.

அடக்கத்துக்குப் போயிருந்தோம். டெல்மர் மார்லிஸ் பக்கத்தில் வந்து நின்றார்.

"பாலத்தடியில கெடந்திருந்தா நான் ஒரு ஒத வுட்டிருப்பேன், சார்ஜென்ட்டம்மா. நாலு செவத்துக்குள்ள வச்சுப் பூட்டிட்டீங்க. அங்க அவன எவன் ஒதைப்பான்?"

வண்டியில் திரும்பி வரும்போது மார்லிஸ் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரூடியின் கட்டடத்தில் தடதடவென்று சத்தம். என்னவென்று பார்த்தால், மார்லிஸ் கனத்த பனிக்கால பூட்ஸ் போட்டுக்கொண்டு கதவு கதவாக உதைத்துக்கொண்டு போகிறார்!

"டேய், செத்துட்டியா?"

"இன்னும் இல்ல, சார்ஜென்ட்டம்மா! கதவ ஒடைக்காதீங்க!"

"அப்ப தெற. மூஞ்சியக் காட்டு. சாப்பிட்டியா?"

அன்று தொடங்கியது. ஒவ்வொரு ஞாயிறும், ஊரில் நாம் வீடு கொடுத்த ஒவ்வொரு தனி ஆளின் கதவையும் அவர் உதைத்தார். மலையேறும் தெருக்களில் பனி உறைந்து வண்டி நகராத நாளிலும் நடந்து போய் உதைத்தார். கதவடியெல்லாம் கறுப்புத் தடம். "பெயின்ட் யாரும்மா அடிக்கிறது?" என்று ரூடி புலம்பினார். "அடிக்காதீங்க. தடம் மேல தடம் விழுந்தா உள்ள ஆளு இருக்கான்னு அர்த்தம்" என்றார் மார்லிஸ்.

இதற்கு மானியம் உண்டா, நண்பர்களே? கிடையாது! கணக்கு ஆய்வுக்கு வந்த இளைஞர் ஒருவர், நல்ல பிள்ளைதான், கேட்டார்: "கோப்பு மூடினதுக்கப்புறம் எதுக்கு மேடம் போறீங்க? இந்தச் செலவு எந்தத் தலைப்புலயும் வராதே." மார்லிஸ் சொன்னார்: "கோப்பத்தான் தம்பி மூடினோம். ஆளயும் சேத்து மூடணும்னு எந்த விதியில இருக்கு?" அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார். செலவு மறுக்கப்பட்டது. மார்லிஸ் சொந்த வண்டியில், சொந்த ஞாயிற்றுக்கிழமையில் போனார். கதவைத் தட்டுவதற்கென்றே சம்பளத்தோடு ஓர் ஆள் வேண்டும் என்று ஒவ்வொரு மானிய விண்ணப்பத்திலும் எழுதினார். ஒவ்வொரு முறையும் அந்த வரியை மட்டும் வெட்டி அனுப்பினார்கள்.

இந்த ஆண்டும் விண்ணப்பக் காலம் வந்தது. உங்களுக்குத் தெரியும், எழுதும் வாரத்தில் மார்லிஸ் அலுவலகத்துக்கு வர மாட்டார். வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுவார். கிளம்பும்போது வழக்கம்போல எங்களைப் பார்த்து விரலை நீட்டினார்.

"ஒருத்தரும் ஃபோன் பண்ணக் கூடாது. வந்து கதவத் தட்டக் கூடாது. இந்தத் தடவ அந்த வரிய வாங்காம விட மாட்டேன்."

நாங்கள் சொன்ன சொல் தட்டாதவர்கள். ஒருவரும் கூப்பிடவில்லை. ஒருவரும் தட்டவில்லை. ஆர்டிஸ் அம்மையார்கூட நேற்று என்னிடம் சொன்னார்: "எழுதுற வாரம் நானே கூப்பிட மாட்டேன் ரோலண்ட், அக்கா கடிச்சு வச்சிடுவா."

அந்த உத்தரவு ஒரே ஓர் ஆளுக்குத்தான் போய்ச் சேரவில்லை. மார்லிஸ் பிடித்துக் கொடுத்த வீட்டில் இப்போது இருக்கும் டெல்மர் ஹக்காலா, ஞாயிற்றுக்கிழமை தன் கதவு உதைபடாமல் இருந்ததைக் கவனித்தார். எழுதும் வாரத்திலும் மார்லிஸ் ஞாயிற்றை விட்டதில்லை. சாயங்காலம் வரை காத்திருந்தார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு, பஸ் இல்லாததால் மலைத்தெரு முழுவதும் நடந்தே ஏறி, சார்ஜென்ட்டம்மாவின் வீட்டு வாசலில் நின்றார். சமையலறையில் விளக்கு எரிந்தது. கதவை உதைத்தார்.

"செத்துட்டீங்களா, சார்ஜென்ட்டம்மா?"

பதில் வரவில்லை. இதயம் நின்று இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும் என்றார் மருத்துவர்.

நண்பர்களே! இந்த ஊரில் எத்தனை கதவு அவர் பூட்ஸால் கறுத்திருக்கிறது! அவருடைய கதவைப் போய்ப் பாருங்கள். வெள்ளைக் கதவு. அதன் அடியில் ஒரே ஒரு தடம். அது டெல்மருடையது. அவரோடு வேலை செய்த நாங்கள், அவரைப் பாராட்டி விருது கொடுத்த இந்த நகரம், ஒருவராவது அந்தக் கதவில் ஒரு தடம் வைத்தோமா? தனியாக இருப்பவர் என்றால் பாலத்தடியிலிருந்து வந்தவர் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோமே! எனக்கு ஆறவில்லை. ஆற வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. ஆர்டிஸ் அம்மையாரே, ஒன்றே ஒன்று கேட்கிறேன். வீட்டை விற்பதாக இருந்தாலும் அந்தக் கதவுக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள்.

விண்ணப்பத்தை நாங்கள் முடித்து அனுப்பிவிட்டோம். அந்த வரியும் அதில் இருக்கிறது. திருமதி கெர்ஷா அவர்களே, துக்க வீட்டில் வாக்குறுதி கேட்பது மரியாதை இல்லை என்பார்கள். மார்லிஸோடு இத்தனை வருடம் இருந்த எனக்கு மரியாதை எங்கிருந்து வரும்? அந்த வரியை வெட்டினால், அந்த ஆளின் சம்பளத்தை நகர் மன்றம் கொடுக்கட்டும். நீங்கள் தலையசைப்பதைப் பின்னால் நிற்பவர்கள் பார்த்துவிட்டார்கள். அவர்கள் மறக்கிற ஆட்கள் இல்லை.

அந்த வரிக்குப் பணம் வந்தாலும் வராவிட்டாலும், ஞாயிறு வந்துவிடுகிறது. இன்று ஞாயிறு. ஆகவே சபதம் என்று பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. வேலை என்ன என்று சொல்கிறேன். மேட்டுத்தெரு ரூடிக்கு. துறைமுகத் தெரு எங்கள் அலுவலகப் பிள்ளைகளுக்கு. தனியாக இருக்கும் நம் எல்லாருடைய கதவும் இனி அந்தச் சுற்றில் சேரும். என் கதவும்தான். அதை ஓங்கி உதையுங்கள், எனக்குக் காது கொஞ்சம் மந்தம்.

கடைசியாக ஒன்று. இந்த வாரம் ரூடி கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒருவர் புதிதாகக் குடிவந்திருக்கிறார். பெயர் வேண்டாம். மார்லிஸ் கடைசியாகப் படுத்துப் பார்த்த தரை அந்த வீட்டுத் தரைதான். இந்தக் கூட்டத்துக்கு அவரைக் கூப்பிட்டிருந்தோம், வரவில்லை. வீட்டில் வைத்த பிறகு அவருக்கு இது முதல் ஞாயிறு.

கீழே சாப்பாடு தயாராக இருக்கிறது. நீங்கள் உட்காருங்கள். டெல்மர், கோட்டை எடு. நான் போய் அந்தக் கதவை உதைக்கப் போகிறேன். உள்ளேயிருந்து அந்த மனிதர் என்னை நாலு கெட்ட வார்த்தை திட்ட வேண்டும். அதைக் காதால் கேட்டுவிட்டு வந்து சாப்பிடுகிறேன்.