நிக்கக் கூடாத லோரி

அலமாக், பிரேக் போடாதீங்கண்ணே! நான் திருடி இல்ல. கூலாய் டவுன்ல நீங்க தே தாரேக் டீ வாங்க எறங்குனீங்கல்ல, அப்ப ஏறி சீட்டுக்குப் பின்னால படுத்துக்கிட்டேன். மடியில இருக்கறது பிள்ளைண்ணே. பாப்பா, மாமாவப் பாரு... ஐயோ, அந்தக் கையத் தொடாதீங்க. தோள் எறங்கிப்போச்சு. இப்பதான் கிளினிக்குல கட்டுப் போட்டுட்டு வரேன்.

விழலண்ணே. டாக்டர்கிட்ட விழுந்துட்டான்னுதான் சொன்னேன், உங்ககிட்ட எதுக்குப் பொய்? அவ அப்பாதான். ஒத்தக் கையப் பிடிச்சு, மீனத் தூக்குற மாதிரி தூக்கி சோபாவுல வீசுனாரு.

தெரியும், ஆள் ஏத்தினா உங்க வேலை போயிரும். கார் பெக்டரி வாசல்ல எறங்கிக்கிறேன், அக்கா வந்து நிப்பா. பஸ் ஸ்டேஷன்ல அவர் தம்பிங்க நிக்கிறாங்க. டேக்சின்னா, ஓட்டுறதே அவர் தம்பிதான். உங்க லோரிதான் தே தாரேக்குத் தவிர எதுக்கும் நிக்காது. நீங்க கொண்டு போற டேஷ்போர்டு இறங்குனாதான் அங்க அடுத்த காருல மாட்டுவாங்க. ஸ்டோருல ஒண்ணுகூட வச்சிக்கறதில்லையாமே? நீங்க லேட்டானா லைனே நின்னுரும்.

எனக்கு எப்படித் தெரியும்னா... இருங்கண்ணே, சொல்றேன். நேத்து செடெனாக் பக்கம் வெள்ளத்துல உங்க கம்பெனி லோரி ஒண்ணு மாட்டிக்கிச்சில்ல? கார் லைன் நின்னுருச்சு. பெக்டரிலேருந்து போன்ல காறித் துப்புனதையெல்லாம் யெஸ் சார், சோரி சார்னு வாங்கிக்கிட்டு இவ அப்பா வீட்டுக்கு வந்தாரு. என் தலமுடியப் பிடிச்சு ஐஸ்பெட்டிக் கதவுல மோதுனாரு. ஏன் லேட்டு, ஏன் லேட்டுன்னு கேட்டுக் கேட்டு மோதுனாரு. சோறு ரெடியாத்தாண்ணே இருந்துச்சு. பல்லு ஒண்ணு போச்சு, அதான் பேச்சு இப்படிக் கொழகொழன்னு வருது. பாப்பா அழுதா. அப்புறம்தான் அவ பக்கம் திரும்புனாரு.

யாருகிட்டச் சொல்லணும்? உங்க பாஸ் ரூபேந்திரன்கிட்டயா? ஆமா, தங்கமான மனுஷன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. தீபாவளிக்கு டிரைவருங்களுக்கெல்லாம் முறுக்கு கொண்டாந்தாருல்ல? நல்லா இருந்துச்சா? எனக்குக் கை வீங்கியிருந்துச்சுண்ணே, அதான் புழிஞ்சது கோணலா வந்துருச்சு.

ஆமாண்ணே, என் புருஷன்தான். அவரேதான். கண்ட்ரோல் ரூம்ல உக்காந்துக்கிட்டு உங்க லோரிய ஸ்கிரீன்ல ஒரு புள்ளியா பார்ப்பாரே. புள்ளிக்குள்ள பொண்டாட்டி பிள்ளை இருக்கறது எப்படித் தெரியும்னுதான் இதுல ஏறினேன். பெரிய புத்திசாலின்னு நெனப்பு லா எனக்கு.

என்ன? கண்ணாடிக்குப் பக்கத்துலயா? அது... கேமராவா? உள்ளயும் பார்க்குமா? போன வாரம்தான் மாட்டுனாங்களா?

அவர் சொல்லவே இல்லையே என்கிட்ட.

போன எடுக்காதீங்கண்ணே. அடிக்கட்டும். அவர்தான். பிள்ளையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கறதப் பார்த்துக்கிட்டேதான் அடிக்கிறாரு. நாம போய்ச் சேர்றதுக்குள்ள அவர் தம்பிங்க வாசலுக்கு வந்துருவாங்க. அக்கா ஒருத்தியா என்ன பண்ணுவா?

நான் படிச்ச கான்வென்டுல சத்தம் போட்டா சிஸ்டருங்க முட்டி போட வச்சிருவாங்கண்ணே. அப்படி வளந்தவ நான். இருந்தும் ரெண்டு வருஷமா கத்துனேன். பக்கத்து வீட்டுல டிவி சத்தத்தக் கூட்டி வச்சாங்க, ஒருத்தரும் வரல. நேத்து ஒரு லோரி நின்னுச்சு. உங்க மெனேஜரு, கார் பெக்டரி ஆளுங்க, ஹைவே பெட்ரோல், இழுக்கற லோரின்னு எல்லாரும் சைரன் போட்டுல்ல ஓடி வந்தாங்க?

அந்த ஓரமா நிறுத்துங்கண்ணே. பெக்டரி வரைக்கும் வேணாம், ஹைவேயிலயே. எல்லாரும் வரட்டும். அவரும் வரட்டும், பத்துப் பேருக்கு முன்னால வந்து இந்தக் கையப் பார்க்கட்டும். கதவப் பூட்டிட்டு சாவிய என்கிட்ட குடுத்துருங்க. வேலைய நெனச்சுப் பயப்படாதீங்க, அந்தப் பொம்பள கத்தியக் காட்டி நிறுத்தச் சொன்னான்னு சொல்லிருங்க.

பொய் இல்லண்ணே, கத்தி பிள்ளை துணிக்குக் கீழதான் இருக்கு, இந்தா பாருங்க. ஒதுங்காதீங்க லா, இது உங்களுக்காகக் கொண்டாந்தது இல்ல.